விவரங்கள் சேகரிக்கப்பட்டு வருகின்றன

"ராக்கையா, மிஸ்டர். பெருநிலக்கிழார். நாணயம், நிதி ஆகிய விஷயங்களில் தேர்ச்சி பெற்றவர். கோடைவாசம்: உதகமண்டலம். பொழுதுபோக்கு: சதுரங்கம், நூல் வாசிப்பு."

டெல்லி மத்திய சட்டசபையின் 1931-ஆம் ஆண்டு உறுப்பினர் கையேடு, வீரபாண்டிக்குப் பக்கத்து ஊர்க்காரரான ராக்கையாவை இப்படித்தான் அறிமுகம் செய்தது. இதில் 'மிஸ்டர்' என்பதில் தகராறு இல்லை. பெருநிலம் என்றது முல்லையாற்று வாய்க்காலில் பன்னிரண்டு ஏக்கர் நஞ்சை. உதகமண்டலம் எங்கே என்று கேட்டால் உத்தேசமாக வடக்கே கையை நீட்டுவார். சதுரங்கம்தான் பெரிய சங்கடம். அதற்கு உட்கார வேண்டும். ராக்கையாவுக்கு உட்கார வராது.

வாசலுக்கும் மாட்டுக்கொட்டகைக்கும் நடந்தபடியே சாப்பிடுவார். மனைவி ராமுத்தாய் குழம்புச் சட்டியோடு பின்னால் போய் ஊற்றுவாள். அவருக்குச் சவரம் செய்ய நாவிதர் இரண்டு தெரு நடக்க வேண்டும் என்று ஊரில் சொல்வார்கள். அது மிகை. ஒரு தெருதான்.

இப்படிப்பட்டவர் சட்டசபைக்குப் போனதும் நடந்ததால்தான். 1930 தேர்தலைக் காங்கிரஸ் புறக்கணித்திருந்தது. ஒரு மிட்டாதார் நிற்பதாக ஏற்பாடு. அவருடைய மனு தள்ளுபடியானால் என்ன செய்வது என்று மதுரையில் அவருடைய வக்கீல் உபரியாக வேறொருவர் பேரில் ஒரு வேட்புமனுவும் தயார் செய்தார். வாய்க்கால் வழக்குக்கு வந்த ராக்கையா கோர்ட்டு வராந்தாவில் அரை மணி நேரமாக மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தார். வக்கீலின் குமாஸ்தா அவரை மறித்து, "சும்மா பேருக்குத்தான், ஒரு கையெழுத்து" என்றார். நிற்காமலே போட்டுவிட்டுப் போனார். கடைசி நாளில் பருத்தி விலை விழுந்த வேகத்தில் மிட்டாதார் பயந்து தம் மனுவை வாபஸ் வாங்கினார். உபரி மனு இருந்த ஞாபகம் யாருக்கும் இல்லை. ராக்கையா போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டார். கையேட்டுக்கான குறிப்பையும் மிட்டாதாருக்கென்று எழுதியிருந்த குமாஸ்தா, பேரை மட்டும் அடித்துத் திருத்தி அனுப்பினார்.

"ஒரு எடத்துல குந்தத் தெரியாத மனுசன, குந்துறதே உத்தியோகமா இருக்குற ஊருக்குக் கூப்புட்டிருக்காக" என்றாள் ராமுத்தாய். மத்திய சட்டசபையைப் பற்றி அந்தக் காலத்தில் எழுதப்பட்ட விமர்சனங்களில் இவ்வளவு சுருக்கமானது வேறில்லை.

ஆனால் ராக்கையாவுக்கு டெல்லியில் ஒரு வேலை இருந்தது. உலகம் முழுக்க விலைகள் சரிந்த காலம் அது. கம்பம் பள்ளத்தாக்கில் நெல் களத்திலேயே கிடந்தது. ரயில் கம்பெனிக்கும் சிக்கனம் பிடித்துக்கொண்டது. தேனிக்கும் போடிக்கும் இடையில் இருந்த ஓடைமேடு ஸ்டேஷனை மூடப் போவதாக அறிவிப்பு ஒட்டினார்கள். சின்னமனூர், குச்சனூர்ப் பக்கத்து வண்டிகள் அங்கேதான் மூட்டை ஏற்றின. அது போனால் ஒவ்வொரு வண்டியும் தேனிக்கு இன்னும் எட்டு மைல் இழுக்க வேண்டும். விற்கிற விலைக்கு மாடு அந்த எட்டு மைலைத் தாங்காது. விதைக்கிறதே வீண் என்று பேச்சு கிளம்பியது. ஓடைமேட்டைக் காப்பாற்றிக் கொடுப்பதாக ராக்கையா ஊர்ச் சாவடியில் எல்லார் முன்னாலும் வாக்குக் கொடுத்துவிட்டு ரயில் ஏறினார். மூன்று இரவும் மூன்று பகலும் ரயில் நடைபாதையில் நடந்தே டெல்லி போய்ச் சேர்ந்தார்.

சட்டசபையில் குறை சொல்வதற்கு ஒரு வினோதமான முறை உண்டு. 'ரயில்வேக்குக் கேட்கும் கோடிகளில் நூறு ரூபாயைக் குறைக்க வேண்டும்' என்று தீர்மானம் கொடுக்க வேண்டும். நூறு ரூபாயைப் பற்றி யாருக்கும் கவலை கிடையாது. அந்தச் சாக்கில் பேசலாம். நாலாவது பாரம் வரை படித்த இங்கிலீஷில் ராக்கையா பத்து நிமிஷப் பேச்சு தயாரித்தார். தேனி மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர் ஜெபராணி அதைத் திருத்திக் கொடுத்திருந்தாள். பிப்ரவரிக் கடைசியில், விவாதத்தின் இறுதி நாளில், நாலேகாலுக்கு அவருடைய முறை. அதுவரை பெஞ்சியில் இருக்க வேண்டும். காலைக் காலால் மிதித்துக்கொண்டு இருந்தார்.

நாலு மணிக்குப் பக்கத்து இருக்கைப் பஞ்சாப்காரர் குனிந்தார். அவரும் வாய்க்கால் பாசனக்காரர். அவர் பக்கத்தில் கோதுமை ஏற்றிப் போகச் சரக்கு வேகன்கள் கிடைக்காமல் மூட்டைகள் ஸ்டேஷனில் மழையில் நனைகின்றனவாம். பேச்சுப் பட்டியலில் அவர் பெயர் கடைசி. "உங்கள் முறையை எனக்குக் கொடுக்க முடியுமா?" என்று கேட்டார்.

முல்லையாற்று வாய்க்காலில் ஒரு வழக்கம் உண்டு. உன் மடைமுறை வந்திருக்கும்போது கடைமடைக்காரன் பயிர் வாடுகிறது என்று கேட்டால், முறையை விட்டுக்கொடுக்க வேண்டும். அவன் பாய்ச்சி முடித்ததும், மதகு அடைபடுவதற்குள், அதே சுற்றில் தண்ணீர் உனக்குத் திரும்பும். எழுத்தும் கிடையாது, சாட்சியும் கிடையாது. ராக்கையாவின் அப்பா காலத்திலிருந்து ஒருமுறைகூடத் திரும்பாமல் போனதில்லை.

ராக்கையா யோசிக்கவே இல்லை. "எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார்.

பஞ்சாப்காரர் எழுந்தார். நன்றாகத்தான் பேசினார், நாலே முக்கால் வரை. அடுத்து இன்னொருவர் எழுந்தார். ராக்கையா காகிதத்தை விரித்து வைத்துக்கொண்டு சபாநாயகரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து மணிக்கு, விவாத நேரம் முடிந்ததென்று சபாநாயகரின் சுத்தி விழுந்தது. மிச்சமிருந்த எல்லாவற்றையும் விவாதமில்லாமல் வரிசையாக நிறைவேற்றினார்கள். ஓடைமேடு யார் வாயிலும் வரவில்லை. பஞ்சாப்காரர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார்.

அன்று ராக்கையா சட்டசபைக் கட்டடத்தைச் சுற்றிப் பதினோரு முறை நடந்தார். பன்னிரண்டாவது சுற்றில் காவலாள் தடுத்தான்.

ஊருக்குத் திரும்பியபோது சேதி அவருக்கு முன்னால் வந்திருந்தது. வாய்க்கால் வழக்கில் எதிர்க்கட்சிக்காரரான கருத்தக்கண்ணன் சாவடியில் காத்திருந்தார்.

"வாங்க மெம்பரே! பேப்பர ரெண்டு பக்கமும் திருப்பிப் பாத்துட்டேன், ஒங்க பேச்சக் காணமே. பேசுனீகளா, இல்ல டெல்லியில அங்கிட்டும் இங்கிட்டும் நடந்துட்டு வந்துட்டீகளா?"

"முறைய விட்டுக் குடுத்தேன். திரும்பி வரல."

"அவுக எந்த வாய்க்காக்காரவுகய்யா?"

சிரிப்பு அடங்க வெகுநேரமானது. ராக்கையா சிரித்தவர்களோடு நிற்கவில்லை, தேனிக்கு நடந்தார். ஸ்டேஷனை மூட ஜூன் முதல் தேதி குறித்திருந்தார்கள். கெடுத்தது தாம் என்பது அவருக்குச் செருப்பில் புகுந்த கல் போல இருந்தது. அந்தக் கல்லோடு ஏழு மைல்.

ஜெபராணி நாற்பது வயதுக்காரி. சம்பளத்தில் பாதியை மிஷன் வெட்டியிருந்த நேரம். பொருளாதார மந்தத்தைப் பற்றி அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சபை விதிப் புத்தகத்தை ராக்கையாவிடமிருந்து பிடுங்கிப் படித்தாள்.

"அண்ணாச்சி, ஒரு நிமிசம் நில்லுங்க. வாயால கேக்காட்டி என்ன? எழுத்துல கேள்வி அனுப்பலாம்னு போட்டிருக்கு. அவுக பதில் எழுதித்தான் ஆகணும்."

"என்ன கேக்க?"

"ஒங்களுக்கு என்ன தெரியும்?"

ராக்கையாவுக்குத் தெரிந்தது நடக்கத்தான். மறுநாள் விடியலில் குச்சனூரிலிருந்து ஓடைமேடு வரை நடந்தார், எதிர்ப்பட்ட வண்டிகளை எல்லாம் எண்ணியபடி. மறுபடி சின்னமனூரிலிருந்து. பத்து நாளில் வண்டிக்காரர்கள் அவரைக் கண்டதும் தாங்களே கத்தினார்கள்: "மெம்பரே, இங்கன நாலு! பின்னால ரெண்டு வருது!" ஜெபராணி அதையெல்லாம் கேள்விகளாக மாற்றினாள். ஓடைமேட்டில் ரயில் வந்த நாளிலிருந்து ஏற்றிய நெல் மூட்டைகள் எத்தனை என்பது அரசாங்கத்துக்குத் தெரியுமா? பருத்தி எத்தனை? மொச்சை எத்தனை? ஆரம்பத்தில் பத்தொன்பது கேள்விகள்.

மே மாதக் கடைசியில் டெல்லியிலிருந்து ஒரு வரி வந்தது: 'விவரங்கள் சேகரிக்கப்பட்டு வருகின்றன.'

ராக்கையா அதைக் கசக்கி எறியப் போனார். ஜெபராணி கையைத் தட்டிவிட்டாள்.

"விவரம் எங்கன இருக்கு? ஓடைமேடு ஸ்டேஷன்ல. அத மூடிட்டா அவுக யாரக் கேட்டுச் சேகரிப்பாக?"

ராக்கையா அன்று முதல்முறையாக நின்றார். அரை நிமிஷம் இருக்கும்.

ஜூன் முதல் தேதி போயிற்று. ஸ்டேஷன் திறந்தே இருந்தது. கேள்விகள் நிலுவையில் இருக்கும் ஸ்டேஷனில் கைவைக்க எந்த அதிகாரிக்கும் தைரியம் வரவில்லை. பதில் முடியப்போகிறது என்று மோப்பம் பிடித்தால் ராக்கையா இன்னொரு கட்டுக் கேள்வி அனுப்புவார். எலுமிச்சை எத்தனை கூடை? கறவை மாடு எத்தனை? இப்படி ஒரு வருஷம் ஓடியது. சபையில் அவருடைய இருக்கை பாதி நாள் காலியாகக் கிடந்தது. அவர் ரோட்டில் இருந்தார்.

1932 ஜூனில் ரயில்வே அதிகாரி ஒருவர் ஓடைமேட்டில் இறங்கினார். மூன்று நாள் நோட்டுப் புத்தகங்களைப் புரட்டினார். எல்லாக் கேள்விக்கும் பதில் தயார் என்றும், செப்டம்பரில் சபையில் வைத்துவிட்டு அக்டோபரில் பூட்டிவிடலாம் என்றும் ஸ்டேஷன் மாஸ்டரிடம் சொன்னார். ராக்கையா பிளாட்பாரத்தில் அவருக்குப் பின்னாலேயே நடந்துகொண்டிருந்ததால் இது காதில் விழுந்தது.

நேரே தேனிக்கு.

"டீச்சரம்மா, நோட்டுல இல்லாத ஒண்ணக் கேக்கணும்."

"நோட்டுல இல்லாதது என்ன இருக்கு?"

அவர் பள்ளிக்கூடத்து முற்றத்தை நாலு தடவை சுற்றினார். ஐந்தாவதில், "சனீஸ்வரன்" என்றார்.

ஆடிச் சனிக்கிழமைகளில் குச்சனூர் சனீஸ்வரன் கோயிலுக்கு வருகிற ஜனம் ஓடைமேட்டில்தான் இறங்கும். டிக்கெட்டில் ஓடைமேடு என்று இருக்குமே தவிர, யார் கோயிலுக்குப் போனார், யார் மாமனார் வீட்டுக்குப் போனார் என்று எந்த நோட்டிலும் இராது. எண்ண வேண்டுமானால் ஆடியில் ஆள் நிறுத்தித்தான் எண்ண வேண்டும்.

"சனீஸ்வரனுக்கு வக்காலத்து வாங்கி நான் எழுதுனேன்னு எங்க பாஸ்டருக்குத் தெரிஞ்சா, அடுத்த ஞாயித்துக்கிழம பிரசங்கமே என்னப் பத்தித்தான்" என்றாள் ஜெபராணி. எழுதவும் செய்தாள்.

அந்தக் கேள்வி டெல்லி போய், இலாகா மாறி, கம்பெனிக்கு வந்து சேர்ந்தபோது ஆவணி பிறந்துவிட்டது. 'அடுத்த ஆடியில் விவரங்கள் சேகரிக்கப்படும்' என்று பதில் வந்தது. ராமுத்தாய் அதைக் கேட்டுவிட்டு, "சனி பிடிச்சா ஏழரை வருசம்னு கம்பெனிக்காரவுகளுக்கு யாரும் சொல்லலையா?" என்றாள்.

அடுத்த ஆடியில் ஆட்கள் வந்து எண்ணினார்கள். எண்ணிக்கை தவறு என்று, சனிக்கிழமை ஐந்திலும் ஸ்டேஷனுக்கும் கோயிலுக்கும் நடந்து தாமே எண்ணிய ராக்கையா எழுதினார். மறுபடி அடுத்த ஆடி. அதற்குள் சபையே கலைந்தது. விலைகளும் லேசாக ஏறத் தொடங்கியிருந்தன. மூடும் உத்தரவு எந்தக் காகிதக் கட்டுக்குள் இருக்கிறது என்று கம்பெனியில் யாருக்கும் தெரியவில்லை.

கருத்தக்கண்ணன் அந்த வருஷம் தம் நெல்லை ஓடைமேட்டில்தான் ஏற்றினார். பிளாட்பாரத்தில் ராக்கையாவைக் கண்டதும், "இங்கன நாலு வண்டி, மெம்பரே" என்றார்.

1931 முதல் 1934 வரை ராக்கையா மத்திய சட்டசபையில் ஒரு வார்த்தையும் பேசவில்லை. நூற்றுப் பதினான்கு கேள்விகளை எழுதி அனுப்பினார். ஓடைமேடு ஸ்டேஷன் மூடப்படவில்லை.