வெறும் அபாயா

பிள்ளை உறங்கும்போதே தாயை அனுப்பிவிடலாம் என்ற யோசனை என்னுடையது. மகளுடையதல்ல, அவளுடைய தங்கையுடையதும் அல்ல. முப்பது வருடத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவன் நான். பிள்ளைகளின் மனம் எனக்குத் தெரியும் என்று வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். நானும் நம்பினேன்.

மூத்த மகள் தாதி. மருமகன் கட்டாரில் இருந்தார். அங்கேயே ஓர் ஆஸ்பத்திரியில் அவளுக்கும் வேலை கிடைத்தது. பிள்ளைகளின் விசாவுக்குப் பொறுக்க வேண்டும் என்றார்கள். பேத்திக்கு அப்போது மூன்றரை வயது, பேரனுக்கு ஒன்றரை. என் மனைவி மௌத்தாகி நாலு வருடமாகியிருந்தது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள இளைய மகள் சம்மதித்தாள். ஆனால் பயண நாளில் அவர்களை வீட்டில் விட்டுப் போக மூத்தவளுக்கு மனம் வரவில்லை.

"எயார்போட் போற மட்டும் என்ட மடியில இரிக்கட்டும் வாப்பா," என்றாள்.

கல்முனையிலிருந்து விமான நிலையத்துக்கு ஒன்பது மணித்தியாலம். விடியற்காலை ஸுபஹ் தொழுதுவிட்டு வாடகை வேனில் புறப்பட்டோம். மஹா ஓயா வருமுன்பே பேரன் வாந்தி எடுத்தான். சொப்பிங் பேக்கைப் பிடித்தேன், ஆனால் பாதி என் சாரனில் விழுந்தது. பேத்தி இரண்டு தடவை மூத்திரம் வருகிறது என்றாள், இரண்டு தடவையும் நிறுத்தினோம், இரண்டு தடவையும் வரவில்லை. மஹியங்கனை தாண்டி மலை வளைவுகளில் ஏறியபோது இருவரும் சேர்ந்து கத்தினார்கள்.

சாரதி கண்ணாடியில் பார்த்துச் சிரித்தான். "சேர், இந்த ரெண்டு பேரையும் கதிர் வாற நேரம் வயலுக்கு அனுப்புங்க. ஒரு குருவி கிட்ட வராது."

"ஒங்கட வயலுக்கே அனுப்புறம்," என்றாள் இளையவள். "சாப்பாடு மட்டும் குடுங்க."

மூத்தவள் சிரிக்கவில்லை. பேத்தி அவளிடம், "உம்மா, எங்க போறம்?" என்று கேட்டாள். தாய் வாய் திறக்கும் முன் நான், "பிளேன் பார்க்க," என்றேன். அது பொய்யில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பால் மறக்கடித்த நாளிலிருந்து பேத்திக்கு ஒரு பழக்கம். தாய் உடுப்புக்கு மேல் போடும் அபாயாவின் கையைப் பிடித்துக்கொண்டு, மணிக்கட்டில் தைத்திருக்கும் சிறிய கறுப்பு மணிகளைப் பெருவிரலால் உருட்டினால்தான் உறக்கம் வரும். கேகாலை தாண்டியதும் அப்படியே உறங்கிப்போனாள். விமான நிலைய வாகனத் தரிப்பிடத்தில் வேன் நின்றபோதும் எழும்பவில்லை. நான் எதிர்பார்த்ததும் அதைத்தான்.

"அபாயாவைக் கழட்டிரு," என்றேன் மகளிடம். "அதுட கை அவட கையிலேயே இரிக்கட்டும். பேக்ல மத்தது இரிக்கில்லியா, அதைப் போடு."

"எழும்பிக் கேட்டா என்ன செய்யிற வாப்பா?"

"கேட்டா நான் கதைக்கிறன். சின்னப் புள்ளதானே, ரெண்டு நாள்ல மறந்துரும். சொல்லிட்டுப் போனா இங்கயே அழுது மையித்து வீடாப் போயிரும். ஒன்னால உள்ளுக்குப் போக ஏலாது."

அவள் அபாயாவின் முன்பக்கத்தைத் திறந்து, முதலில் இடது கையை, பிறகு வலது கையை உள்ளிருந்து உருவி எடுத்தாள். அதற்கு வெகுநேரம் பிடித்தது. பிள்ளையின் தலையை என் மடிக்கு மாற்றி, கறுப்புத் துணியை அதன்மேல் போர்த்தினோம். மகனைத் தங்கையின் கையில் வைத்தே முத்தமிட்டாள். பிறகு பேத்தியை முத்தமிடக் குனிந்தாள்.

"கொஞ்சாத. எழும்பிருவா," என்றேன்.

குனிந்தவள் அப்படியே சற்று நின்றாள். பிறகு நிமிர்ந்து, பெட்டியை இழுத்துக்கொண்டு போனாள்.

பேத்தி எழும்பியது, திரும்பி வரும் வழியில், வறக்காப்பொலைக்குக் கிட்ட. கையிலிருந்த துணியைப் பார்த்தாள். அதைப் பிடித்தபடியே தோள்வரை தடவிப் போனாள், பிறகு கழுத்துவரை. கழுத்தில் ஆள் இல்லை. சீட்டுக்கு அடியில் எட்டிப் பார்த்தாள்.

"உம்மா எங்க?"

"கடைக்குப் போயிரிக்கா மகள். வந்துருவா," என்றேன்.

"வேன் போவுதே!" என்றாள். "மூத்தாப்பா, உம்மாவ விட்டுட்டு வேன் போவுதே! நிப்பாட்டச் செல்லுங்க!"

நாங்கள் மறந்துபோய்த் தாயை விட்டுவிட்டு வருகிறோம் என்று அவள் நினைத்தாள். எனக்குத்தான் தவறு நடந்துவிட்டது, சொன்னால் திருத்திக்கொள்வேன் என்று நம்பினாள். என்னிடம் சொன்னாள். நான் கேட்காததால் சாச்சியிடம், என் இளைய மகளிடம், சொன்னாள். பிறகு சாரதியின் சீட்டைத் தட்டித் தட்டி, "திருப்புங்க, திருப்புங்க," என்றாள். அவன் ஓர் இடத்தில் தாங்க முடியாமல் ஓரமாக நிறுத்தினான். கதவு திறந்ததும் அவள் குதித்து, வந்த திசையிலேயே வீதியோரமாக ஓடினாள். லொறிகள் போய்க்கொண்டிருந்தன. அறுபத்தெட்டு வயதில் நான் அவளுக்குப் பின்னால் ஓடினேன்.

பிடித்துத் தூக்கி வந்தேன். அடிக்கவில்லை என்று எழுத ஆசைப்படுகிறேன். அடித்தேன். துடையில் ஒரு அடி. "உம்மா வேணுமெண்டா வாயை மூடு," என்றேன். இன்னும் ஏழு மணித்தியாலப் பாதை இருந்தது. அவள் வாயை மூடவில்லை, உறங்கவும் இல்லை. பேரனும் அழுதான், அவனை வைத்திருந்த இளையவளும் அழுதாள். வளைவுகளில் இறங்கும்போது பிள்ளையின் தொண்டையில் சத்தம் இல்லை, காற்றுத்தான் வந்தது. குர்ஆனில் எனக்குத் தெரிந்த சூறாக்களை எல்லாம் ஓதினேன். இந்த வேன் பள்ளத்தில் விழுந்தாலும் பரவாயில்லை, இந்த அழுகை நின்றால் போதும் என்று ஒரு கணம் நினைத்தேன். அல்லாஹ் மன்னிக்க வேண்டும்.

மறுநாள் மகள் அழைத்தாள். "புள்ள எப்பிடி வாப்பா வந்தா?"

"நல்லா உறங்கி வந்தா, அல்ஹம்துலில்லாஹ்," என்றேன். இளையவள் என்னைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குள் போனாள்.

அதன் பிறகு பேத்தி எந்த வாகனத்திலும் உறங்கவில்லை. அக்கரைப்பற்றுக்குப் போகும் பஸ்ஸில்கூட, கண் சொருகினால் தன் விரலைத் தானே கடித்துக்கொள்வாள். வீட்டில் சாச்சிக்குப் பக்கத்தில் உறங்குவாள். என்னிடம் மரியாதையாகத்தான் கதைத்தாள். கூப்பிட்டால் வந்து நின்றாள். ஆனால் மடியில் ஏறவில்லை. அந்த அபாயாவைத் துவைத்து அலுமாரியில் வைத்தோம். அதை அவள் கேட்கவே இல்லை.

ஒரு வருடம் கழித்து மகள் ஒரு மாத லீவில் வந்தாள். அதே வேனில், அதே சாரதியுடன், பிள்ளைகளையும் கொண்டுபோய்க் கூட்டி வந்தோம். பேத்தி தாயின் அபாயாவைத் தொடவில்லை. துணியை மேலே தள்ளிவிட்டு மணிக்கட்டை, வெறும் சதையை, இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். கண்டி தாண்டியும் விடவில்லை. விரலைக் கடித்துக்கொண்டே இருந்தாள்.

"இவ ஏன் உறங்கிறா இல்ல?" என்று மகள் கேட்டாள். இளையவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"சேர், நீங்க இன்னம் செல்லல்லியா?" என்றான் சாரதி.

மலையிலிருந்து இறங்கி, மஹியங்கனையில் தேத்தண்ணிக்கு நிறுத்தியபோது, மகளைத் தனியே கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பிள்ளை வீதியில் ஓடியது, நான் அடித்தது, தொலைபேசியில் சொன்ன பொய். அவள் அடியைப் பற்றிக் கேட்கவில்லை, பொய்யைப் பற்றியும் கேட்கவில்லை.

"புள்ளைய ஒருக்காக் கொஞ்சக்கூட விடல்லியே வாப்பா," என்றாள்.

விசா இன்னும் வரவில்லை. லீவு முடிய அவள் திரும்பிப் போக வேண்டியிருந்தது. இந்த முறை நான் வாய் திறக்கவில்லை. மகள் ஒவ்வொரு நாளும் பிள்ளையிடம் சொன்னாள்: உம்மா பிளேனில் போவேன், நீ சாச்சியோடு வீட்டுக்கு வருவாய். ஒவ்வொரு நாளும் பிள்ளை அழுதாள்.

விமான நிலைய வாசலில் அழுத அழுகைக்கு ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் பயந்த அதே அழுகைதான். தாய் அவளை நெற்றியில், கண்ணில், கையில், திரும்பவும் நெற்றியில் கொஞ்சினாள். பிறகு கைகாட்டிவிட்டு, பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கவே உள்ளே போனாள்.

வேனில் ஒரு மணித்தியாலம் அழுதிருப்பாள். பிறகு விக்கிக்கொண்டே, "சாச்சி, உம்மாட பிளேன் இப்ப ஏறிருக்குமா?" என்று கேட்டாள்.

"இன்னம் இல்ல, கிளி. அஸர் தொழுகைக்குப் பொறகுதான்."

"ஏறினா செல்லுங்க," என்றாள். கேகாலை வருமுன்பே, சாச்சியின் அபாயாக் கையைப் பிடித்தபடி உறங்கிப்போனாள். ஒரு வருடத்துக்குப் பிறகு ஓடும் வண்டியில் அவள் உறங்கியது அன்றுதான். அந்த ஒரு மணித்தியால அழுகையைத் தாங்க எனக்குத் தைரியம் இருக்கவில்லை. அதற்காக ஒரு வருடம் அவளை விழிக்க வைத்தேன்.

அவளுடைய மற்றக் கை சீட்டில் எனக்குப் பக்கத்தில் கிடந்தது. அதன்மேல் என் கையை மெல்ல வைத்தேன். கண் திறக்காமலே அவள் கையை உருவி எடுத்து, நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.