சித்தப்பாவின் பனிக்காலக் களிசான்

மீன் வைக்கிற ஐஸ் பெட்டிக்குள் முழங்கால் வரை காலை விட்டால் முதலில் குளிராது, சுடும். பிறகு ஊசி ஊசியாகக் குத்தும். அதற்கும் பிறகு, கால் என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும். பன்னிரண்டு வயதில், கண்டிச் சந்தையின் மீன் பகுதியில், சாமான் வாங்க வந்தவர்கள் எல்லாம் வேடிக்கை பார்க்க நடுவில் நின்றபடி நான் இதைத் தெரிந்துகொண்டேன். பெட்டிக்குள் என் காலோடு பாரை மீன்கள் கிடந்தன. காலில் பெண்கள் போடுகிற கறுப்பு டைட்ஸ் ஒன்று இறுக்கிப் பிடித்திருந்தது. பக்கத்தில் நின்ற என் அம்மா, "நான் சொல்ற வரைக்கும் எடுக்காத" என்று தோளை அழுத்திக்கொண்டிருந்தார்.

இதற்கெல்லாம் காரணம் சித்தப்பா. அப்பாவின் தம்பியான அவர் புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து, அம்பிட்டியவில் எங்கள் வீட்டில் தங்கி, கண்டியில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை பார்த்தவர். உயரம் கட்டையான, மெலிந்த மனிதர். யாரோ ஒருவர் வழிகாட்ட, எப்படியோ ஜெர்மனிக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே ஒரு பேக்கரியில் வேலை, விடியுமுன்னே சைக்கிளில் போக வேண்டும் என்று சொன்னார். தோட்டத்தில் மார்கழிக் குளிரைப் பார்த்தவர்தான் என்றாலும், தண்ணீர் கல்லாகிற குளிர் அவருக்குப் புதிது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் போனில் பேசியது எனக்கும் கேட்கும்படி அம்மா ரிசீவரைச் சாய்த்துப் பிடித்திருந்தார்.

"அண்ணி, சைக்கிள்ல ஏறி ஒக்காந்தா தொடைக்குக் கீழ காலு இருக்கா இல்லையான்னே தெரியல. இங்க அதுக்குன்னு ஒரு களிசான் விக்கிறாங்க. வெலையப் பாத்துட்டு வச்சுட்டு வந்துட்டேன். உள்ளுக்குப் பாத்தா நம்ம நாட்டுல தைச்சதுன்னு போட்டிருக்கு."

எங்கள் வீட்டில் நீளமோ கட்டையோ, காலில் போடுகிற எல்லாமே "களிசான்"தான். நம் நாட்டில் தைத்தது என்றால் அது கண்டித் தெருவிலும் இருக்க வேண்டும் என்று அம்மா முடிவுகட்டிவிட்டார். ஏற்றுமதிக்குத் தைத்துக் கழித்துவிட்ட உடுப்புகளை மணிக்கூட்டுக் கோபுரத்தடி நடைபாதையில் குவித்து விற்பார்கள். சித்தப்பாவின் உயரத்துக்கு அப்போது நான் வளர்ந்திருந்ததால், அளவு பார்க்க என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

குவியலின் முன்னால் குந்தியிருந்த வியாபாரி, தாடிவைத்த ஒரு நானா (முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவோம்), பொறுமைசாலி. அம்மா கேட்டதும் மூன்று வகையை எடுத்துப் போட்டார். ஒன்று, கம்பளியில் பின்னியது. இன்னொன்று, நைலோனில் வழுவழுவென்று இருந்தது. மூன்றாவது, வெளியே மழைக்கோட்டுத் துணி மாதிரியும் உள்ளே பூனைக்குட்டியின் வயிறு மாதிரியும் இருந்தது. அதில் உட்காருகிற இடத்தில் இட்லி அளவில் ஒரு மெத்தை வைத்துத் தைத்திருந்தார்கள். அதைக் கண்டு அம்மா கூச்சப்பட்டு என் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சைக்கிள் ஓடுற ஆக்களுக்கு உள்ளது தங்கச்சி, நோகாம இருக்க வச்சீக்கி" என்றார் நானா. "ஆனா இது பொம்புளயளுக்குத் தைச்சது. பாருங்க, ஒரு கால்ல மட்டும் ஊதாக் கோடு ஈக்கி. மத்தக் கால்ல போட மறந்திட்டாங்க. அதுதான் கழிச்சிருக்காங்க."

"மேலால ஒன்னப் போட்டா யாரு பாக்கப் போறா" என்ற அம்மா, என் பள்ளிக்கூடக் களிசானுக்கு மேலேயே ஒவ்வொன்றாக என்னை மாட்டிப் பார்க்கச் சொன்னார். நான் ஒற்றைக் காலில் நின்று, நானாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, பஸ்ஸுக்குப் போகிற ஊர் முழுவதும் பார்க்க மாட்டினேன். அளவு மூன்றிலும் சரி. எது குளிர் தாங்கும் என்பதுதான் கேள்வி. நானாவுக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. உச்சி வெயிலில் வியர்த்துக் கொட்டியபடி பனியைப் பற்றி யோசித்துக்கொண்டு நின்றோம். அப்போதுதான் அம்மாவுக்குச் சந்தையின் ஐஸ் பெட்டி ஞாபகம் வந்தது.

மீன்காரர் ஒரு சிங்கள இளைஞர். அம்மா தனக்குத் தெரிந்த சிங்களத்தில் "மல்லி, மல்லி" என்று தம்பி முறை சொல்லி அழைத்து, விஷயத்தை விளக்கினார். அவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு மீன்களை ஓரமாகத் தள்ளி இடம் செய்து கொடுத்தார். துணி நனைந்தால் யார் வாங்குவது என்று பயந்து கூடவே வந்திருந்த நானா, என் காலுக்கு மேலே ஒரு பொலித்தீன் பையை இழுத்துக் கட்டினார். கூட்டம் கூடியது. கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் அம்மா உரக்கச் சொன்னார்: "எங்க கொழுந்தன் ஜெர்மனியில இருக்காரு. அவருக்குத்தான்."

அப்படி ஒரு பெருமையை அதற்கு முன் அம்மாவின் முகத்தில் நான் கண்டதில்லை. எனக்கோ மீன்களோடு மீனாக அந்தப் பெட்டிக்குள் படுத்து ஐஸைப் போட்டு மூடிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. என் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் டியூசன் முடிந்து, கொப்பிகளை நெஞ்சோடு அணைத்தபடி எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நைலோனில் குளிர் உடனே ஏறியது. கம்பளியில் மெல்ல மெல்ல ஏறியது. மூன்றாவதோடு காலை விட்டபோது வெகுநேரம் ஒன்றுமே ஏறவில்லை.

"கதகதன்னு இருக்கும்மா" என்றேன், கண்ணை மூடிக்கொண்டே. கூட்டத்தில் யாரோ கைதட்டினார்கள். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் என் பெயர் "ஐஸ் மீன்" ஆகியிருந்தது.

பார்சல் போய்ச் சேர்ந்ததும் சித்தப்பா பேசினார். "காலுக்கு உசுரு வந்துருச்சு அண்ணி" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை அம்மா கடையிலும் கோயிலிலும் தண்ணீர்க் குழாயடியிலும் சொல்லிச் சொல்லி, எங்கள் தெருவுக்கே அது மனப்பாடமாகிவிட்டது. அடுத்த பனிக்காலமும் அந்தக் களிசானோடுதான் போனது. அதற்கு அடுத்ததில், ஞாயிற்றுக்கிழமைப் போன் திடீரென்று நின்றது. அப்பா தெரிந்தவர்களிடமெல்லாம் விசாரித்தார். ஒருவருக்கும் தெரியவில்லை.

தைப்பொங்கல் கழிந்த ஒரு பின்னேரம், வீட்டுக்குக் கீழே ஏற்றத்தில் நாங்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தோம். வளைவில் ஒருவர் ஏறி வந்தார். மடித்த தடித்த ஜாக்கெட் ஒன்று தோளில், கையில் ஒரு பொலித்தீன் பை, இடுப்பில் சாயம்போன அரைக் களிசான், அதற்குக் கீழே தொடையிலிருந்து கணுக்கால் வரை அந்தக் கறுப்பு டைட்ஸ், ஒரு காலில் மட்டும் ஊதாக் கோடு. அந்த வெயிலில் அவர் முகமெல்லாம் வியர்வை.

"டேய், சர்க்கஸ் வருதுடா" என்றான் பந்து போட நின்றவன். எல்லோரும் சிரித்தார்கள்.

சித்தப்பா என்னைப் பார்த்தார். நிச்சயமாகப் பார்த்தார். பார்த்த அதே கணத்தில் கண்ணை எடுத்து, வேலியோரத்து வாழைகளைப் பார்ப்பவர்போல, யாரோ தெரியாத பையன்களைக் கடந்து போகிற மனிதர்போல, எங்களைத் தாண்டிப் போனார். மட்டையைப் பிடித்தபடி நான் நின்றேன். ஒரு பந்து வந்து காலில் பட்டது. பிறகுதான் மட்டையைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன்.

"சித்தப்பா!"

அவர் திரும்பவில்லை. நடந்துகொண்டே, "நீ போய் வெளையாடு. நான் வீட்டுக்குத்தான் போறேன். அப்புறமா வா" என்றார்.

நான் பையை வாங்கிக்கொண்டேன். அதில் பாரமே இல்லை. பின்னால் சிரிப்பு நின்றுபோயிருந்தது, அது இன்னும் மோசமாக இருந்தது. கேட்டில் நின்ற அம்மா சித்தப்பாவின் முகத்தையும் பிறகு கால்களையும் பார்த்தார்.

"வாங்க தம்பி" என்றார். கொஞ்சம் கழித்து, "இந்த வெயில்ல ஏன் இதோட…" என்று இழுத்தார்.

"மாத்த வேற இல்ல அண்ணி."

இரவு சாப்பாட்டின்போதுதான் கதை வெளியே வந்தது. அவரிடம் அங்கே தங்குவதற்குச் சரியான பத்திரம் ஒருநாளும் இருந்ததில்லை. பஸ்ஸில் சோதிப்பார்கள் என்ற பயத்தில்தான் அந்தக் குளிரில் சைக்கிள் ஓடியிருக்கிறார். ஒரு விடியற்காலை, லைட் எரியாத சைக்கிளைப் பொலிஸ் மறித்தது. அறையில் கூட இருந்தவர்களுக்கும் பத்திரம் இல்லாததால், அவருடைய பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுக்க யாருக்கும் தைரியம் வரவில்லை. கொஞ்ச நாள் அடைத்துவைத்துவிட்டு, பிடித்தபோது போட்டிருந்த உடுப்போடு விமானம் ஏற்றிவிட்டார்கள்.

"நீ காசு மிச்சம் புடிக்கத்தான் சைக்கிள்ல போறன்னு நெனச்சோம்" என்றார் அப்பா. அம்மா எழுந்து போய்க் குசினிக்குள் அடுப்படியில் நின்றார். பிறகு அங்கிருந்தே, "ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே" என்று தனக்குத்தானே சொன்னார். அது சித்தப்பாவுக்குக் கேட்டது. அவர் தட்டில் கையை அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது, வீட்டுக்கு முன்னால் தெருப்பக்கக் கொடியில் அந்த டைட்ஸ் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளுடுப்புகளை எப்போதும் பின்பக்கம், துவாய்க்கு அடியில் மறைத்துக் காயப்போடுகிறவர் அம்மா. நான் புத்தகப் பையைக்கூட இறக்காமல் அதை உருவப் போனேன்.

"எடுக்காத. காயட்டும்."

"எல்லாரும் பாக்குறாங்கம்மா."

"பாக்கட்டுமே. அவரு வேலைக்குப் போட்டுக்கிட்டுப் போன உடுப்பு. எங்கயும் களவெடுத்ததா?"

குழாயடிக்குப் போகிற ஒருத்தி நின்று, "என்னக்கா இது?" என்று கேட்டாள். அம்மா அதே உரத்த குரலில், ஆனால் சந்தையில் இருந்த பெருமை இல்லாமல், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்: "எங்க கொழுந்தனோடது. ஜெர்மனியில சைக்கிள் ஓடினப்பப் போட்டது. அனுப்பிட்டாங்க, வந்துட்டாரு." உள்ளே சித்தப்பா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அவருக்கு அது கேட்டிருக்கும். நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். காதெல்லாம் எரிந்தது. அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ, சித்தப்பா சாரத்தை உடுத்திக்கொண்டு வெளியே வந்து, தாமே அதைக் கொடியிலிருந்து எடுத்து மடித்தார். அந்த வாரமே வேலை தேடி டவுனுக்குப் போனார்.

இப்போது அவருக்குக் கடுகண்ணாவையில் சொந்தமாகச் சின்ன பேக்கரி ஒன்று இருக்கிறது. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள். மணிக்கூட்டுக் கோபுரத்தடி நடைபாதையில் அந்தக் குவியல்கள் இல்லை. நானா எங்கே போனார் என்று பக்கத்துக் கடைகளில் கேட்டுப் பார்த்தேன், யாருக்கும் தெரியவில்லை. அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார். களிசான் என்ற சொல்லை என் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியிருக்கிறது.

போன மாதம் கொழும்புக்குப் போகிற வழியில் பேக்கரியில் இறங்கினேன். தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது, இத்தனை வருடமாகக் கேட்காததைக் கேட்டேன்.

"சித்தப்பா, அன்னைக்கு ஏன் என்னயத் தெரியாத மாதிரிப் போனீங்க?"

அவர் பாண் வெட்டிக்கொண்டிருந்தார். கத்தியை நிறுத்தாமலே, "ஒன் கூட்டாளிமாரு நின்னாங்கள்ல" என்றார். பிறகு, பாணைத் தாளில் சுற்றி வாடிக்கையாளரிடம் நீட்டிவிட்டு, "நீயும் வேர்த்துப் போய்த்தான் நின்ன" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். அன்றைக்கு அந்த ஏற்றத்தில் என் முகத்தில் வேர்வையைத் தவிர வேறு என்ன தெரிந்தது என்று அவர் சொல்லவில்லை. கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை.