பழத்தட்டோடு போன கூட்டம்

நடனப் பள்ளி நடத்துகிறவன் தனியாக இருந்தால் பிழைக்க முடியாது, அதே தொழிலில் உள்ள மற்றவர்களோடு பழக வேண்டும் என்று எங்கோ படித்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். படித்ததை அப்படியே நம்பிவிடுவேன். அந்தக் கருத்து தவறென்று இப்போதும் சொல்ல மாட்டேன்.

ஈப்போவுக்குப் பக்கத்தில் உள்ள செமோரில் ஒரு முடிவெட்டும் கடைக்கு மேல்மாடியில் கிராமிய நடனமும் சினிமா நடனமும் சொல்லிக் கொடுத்துவந்தேன். பதினோரு பிள்ளைகள். எல்லாம் ரப்பர் தோட்டங்களை விட்டு வெளியேறி மலிவு வீடுகளில் குடியேறிய குடும்பங்கள். பல்கலைக்கழக நடனக் குழுவில் ஆடியதுதான் என் தகுதி. தீபாவளியை ஒட்டி ஈப்போவில் நடனப் பள்ளிகள் சேர்ந்து நடத்தும் விழாவில் பிள்ளைகளை மேடையேற்றுவதாகத் தாய்மார்களிடம் சொல்லிவிட்டேன். மேடை கிடைக்காவிட்டால் பாதிப் பேர் நின்றுவிடுவார்கள். அது எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

யாருக்கு மேடை என்பது பள்ளி உரிமையாளர்களின் தேநீர்க் கூட்டத்தில் முடிவாகும். கூட்டத்தை நடத்துகிறவர் மூன்று இடங்களில் பரதநாட்டியப் பள்ளி வைத்திருப்பவர். எல்லாரும் அவரை அக்கா என்பார்கள். நான் கிளம்பும்போது அம்மா, "பெரியவங்க முன்னாடி வெறுங்கையோட போய் நிக்காத" என்றார். தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியைப் பார்க்கப் போனாலும், பள்ளித் தலைமையாசிரியரைப் பார்க்கப் போனாலும் வெற்றிலை பாக்கு, பழம், பூ வைத்த தட்டோடு போவதுதான் எங்களுக்கு மரியாதை. அம்மா அடுக்கிக் கொடுத்ததை மோட்டார் சைக்கிள் கூடையில் வைத்துக்கொண்டு போனேன்.

அங்கே எல்லாரும் ஒருவருக்கொருவர் பெயர் அட்டை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கமுந்திங்கில் பள்ளி வைத்திருக்கும் ஓர் அண்ணன் என் தட்டைப் பார்த்து, "என்ன தம்பி, பொண்ணு பார்க்க வந்தியா?" என்றார். அறை சிரித்தது. யாரிடம் கற்றுக்கொண்டாய் என்று கேட்டார். நண்பர்களிடமும் வீடியோ பார்த்தும் என்று உள்ளதைச் சொன்னேன்.

"அப்ப போனுதான் குரு. தட்ட அதுக்கு முன்னாடி வெச்சிருக்கலாம்லா."

முகம் சுட்டது. நேராக அக்காவிடம் போய்த் தட்டைக் கொடுத்து, குனிந்து காலைத் தொட்டேன். சிரிப்பு நின்றது. பிறகு கைதட்டினார்கள். யாரோ படம் எடுத்தார்கள். அக்கா என் தலையில் கை வைத்து, நன்றாக வருவாய் என்றார். என்னைச் சேர்த்துக்கொண்டார்கள் என்று நினைத்தேன்.

வீடு திரும்பியபோது உரிமையாளர்களின் வாட்சப் குழுவில் அந்தப் படம் வந்திருந்தது. கீழே, 'இன்று முதல் என் சிஷ்யர். செமோர் கிளை' என்று அக்கா எழுதியிருந்தார்.

நாட்டியக்காரர்களிடம், வெற்றிலைத் தட்டு வைத்துக் காலைத் தொட்டால் மாணவனாகச் சேர்ந்துவிட்டதாக அர்த்தம். அவர்கள் பள்ளியில் ஏழு வயதுப் பிள்ளைக்கும் இது தெரியும். பட்டம் வாங்கிய எனக்குத் தெரியவில்லை.

அக்காவை அழைத்து, மரியாதைக்காகத்தான் செய்தேன் என்றேன். அவர் கோபப்படவே இல்லை.

"தெரியும்லா தம்பி. அப்படியே குரூப்ல எழுதிடு. அக்கா கால்ல விழுந்தது சும்மான்னு எழுது. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்." சற்று நிறுத்தினார். "விழா லிஸ்ட் நாளைக்குத்தான் போடுறேன்."

எழுதினேன். அழித்தேன். மறுபடி எழுதி, மறுபடி அழித்தேன். மறுநாள் பட்டியலில் எட்டாவதாக என் பிள்ளைகள் இருந்தார்கள். என் பள்ளியின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அக்கா பள்ளியின் பெயர் இருந்தது. கமுந்திங் அண்ணன் எனக்குத் தனியாக, 'வாழ்த்துகள் கிளை மேனேஜர்' என்று அனுப்பினார்.

விழாவில் பிள்ளைகள் பிசகில்லாமல் ஆடினார்கள். மண்டபம் கைதட்டியது. அக்காவின் செமோர் கிளை மாணவர்கள் என்று அறிவிப்பாளர் இரண்டு முறை சொன்னார்.

மேடைக்குப் பின்னால், நன்றாக ஆடும் பெண்ணின் தாயார் என்னிடம் வந்தார். அம்மாவோடு கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்பவர். தயங்கித் தயங்கித்தான் பேசினார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்களே அவங்ககிட்டதான் கத்துக்கிறீங்களாம். பிள்ளைய நேரா அங்கயே விட்டா நல்லதுதானே? உங்களக் கேக்காம செய்யக்கூடாதுன்னு பாத்தேன்."

அவர் குத்திக்காட்டவில்லை. உண்மையாகவே யோசனை கேட்டார். நாலடி தள்ளி அக்கா ஒரு சிறுமியின் நெற்றிச்சுட்டியைச் சரிசெய்தபடி நின்றார். கை சுட்டியிலேயே நின்றுவிட்டது; நாங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பொய் என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தப் பொய்யில்தான் பிள்ளைகள் சற்று முன் மேடையேறி இறங்கியிருந்தார்கள்.

"அங்கயே விடுங்க, அக்கா நல்லாச் சொல்லிக் கொடுப்பாங்க" என்றேன்.

மற்ற தாய்மார்களும் நெருங்கி வந்தார்கள். அக்கா பள்ளியில் என்றைக்கு வகுப்பு, எத்தனை மணிக்கு என்று என்னிடமே கேட்டார்கள். சனிக்கிழமை, பத்து மணி என்று சொன்னேன். அக்கா தன் வகுப்பு நேரங்களை வாட்சப் குழுவில் போட்டிருந்ததால் அதுவும் எனக்குத் தெரிந்திருந்தது.