உப்புக்காரரின் பாட்டு

முள்ளுக்குறிச்சியிலிருந்து மூட்டையோடு மலையேறி வரும் உப்புக்காரருக்குக் காது மடலில்கூட உப்புப் பூத்திருக்கும். ஊருக்குள் நுழைந்ததும் ஒரே பாட்டைத்தான் பாடுவார். அது காதில் விழுந்தால்தான் பெண்கள் கேழ்வரகு கொடுத்து உப்பு வாங்க வருவார்கள். சின்னப்பிள்ளையான எனக்கு அந்தப் பாட்டு மனப்பாடம்.

ஒருநாள் அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. பாட்டு கேட்கவில்லை, ஒருத்தியும் வரவில்லை.

"கண்ணு, நீ பாடுறியா சாமி?" என்று என்னிடம் கரகரத்தார்.

பாடினேன். மூட்டை காலியானது.

"ஏனுங்க, இன்னைக்குத்தானுங்க பாட்டு பாட்டாட்டம் இருந்துச்சு!" என்று அவரிடம் சொன்னாள் உப்பு வாங்க வந்த என் அத்தை.

உப்புக்காரர் சிரிக்கவில்லை. எனக்கு ஒரு கை உப்பு கொடுத்துவிட்டுப் போனார்.

அடுத்த தடவை புதுப் பாட்டோடு வந்தார். எங்கள் வீட்டைத் தாண்டும்வரை மட்டும் வாயைத் திறக்கவே இல்லை. அவ்வளவு பெரிய ஆளுக்கு என்னைக் கண்டு என்ன பயமோ!