உடன் இருப்பவர் யாருமில்லை

பிறந்த ஊருக்கே வெளிநாட்டுத் தன்னார்வலராக வந்து இறங்கிய கூத்து எனக்கு நடந்தது. தில்லி ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள் நான். கல்யாணத்துக்குப் பிறகு மெல்போர்னில் குடியேறி, அங்கே ஒரு பெரிய மருத்துவமனையின் நிதிப் பிரிவில் தலைமுடி நரைக்கும்வரை வேலை பார்த்தேன். வேலையை விட்டதும் ஒரு தொண்டு அமைப்பு என்னை ஒரு வருடத்துக்குத் தில்லிக்கு அனுப்பியது. விமான நிலையத்தில் என் பெயர்ப்பலகையோடு நின்ற டிரைவர், "மேடம், தில்லிக்கு முதல் தடவையா?" என்று ஹிந்தியில் கேட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "மலை மந்திர் முருகன் கோயில் படிக்கட்டில் விழுந்து பல்லை உடைத்துக்கொண்டவள் நான்" என்றேன். அவர் சிரித்துவிட்டு ஏசியைக் கூட்டினார்.

தென் தில்லியில் ஒரு சின்ன தர்ம மருத்துவமனை. அதன் நிதி நிர்வாகத்தைச் சீர்செய்து கொடுக்க வேண்டும், அதுதான் எனக்குக் கொடுத்த வேலை. தங்குவதற்கு நர்ஸ்கள் விடுதியில் ஓர் அறை. மருத்துவமனையில் எல்லாவற்றையும்விடச் செலவு பிடித்தது டயாலிசிஸ் பிரிவு. ஏழைகளுக்கு அங்கே கட்டணம் கிடையாது, அல்லது பெயருக்குக் கொஞ்சம். அந்தச் செலவை ஏற்றுக்கொண்டிருந்த வெளிநாட்டு அறக்கட்டளை கறாராகச் சொல்லிவிட்டது: யாருக்குச் சலுகை கொடுக்கிறீர்கள், எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்று காட்டுங்கள், இல்லையென்றால் அடுத்த வருடம் பணம் வராது. நியாயமான கேள்விதான். நானாக இருந்தாலும் கேட்டிருப்பேன்.

அதுவரைக்கும் அங்கே நடந்த முறை என்னவென்றால், நர்சிங் சூப்பரின்டென்டென்ட் பில் போடும் இடத்துக்கு ஒரு போன் போட்டு, "நம்ம ஆளு" என்பார். பில் பாதியாகும், இல்லை காணாமலே போகும். அவர் நாகர்கோவில் பக்கத்துக்காரர். தில்லிக்கு வந்து பல காலம் ஆகியும் ஊர்ப்பேச்சு மாறவில்லை.

"எத வச்சு முடிவு பண்றீங்க சிஸ்டர்?" என்று கேட்டேன்.

"மொகத்தப் பாத்தா தெரியாதா?"

"மொகத்த எப்படி சிஸ்டர் ஆடிட் பண்றது?"

"அது ஒங்க பாடு. ஆனா ஒண்ணு கேக்கேன் மேடம். ஏழையா இருக்கதுக்கும் இன்டர்வியூவா? பாஸானாத்தான் ஏழையா?"

பதில் இருந்தது என்னிடம். முகம் பார்த்துக் கொடுத்ததில் ஒரு பிராப்பர்ட்டி டீலரின் அம்மாவுக்கு இலவச அறுவை சிகிச்சை நடந்திருந்தது. வார்டில் ஆள் தெரிந்தவனுக்கு ஒரு நியாயம், தெரியாதவனுக்கு வேறு நியாயம். அதைச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. மறுக்காமலே முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்.

ஆகவே விசாரணை முறை வந்தது. ஒரு டாக்டர், ஒரு சமூகப் பணியாளர், நான். குடும்பத்தைக் கூப்பிட்டு உட்காரவைத்து வருமானம், வாடகை, கடன் எல்லாம் கேட்போம். தமிழ்க் குடும்பங்கள் வந்தால் கேள்வியை என்னிடம் விட்டுவிடுவார்கள். எனக்கு அதில் உள்ளூரச் சந்தோஷம். வாய் நிறையத் தமிழ் பேச ஆள் கிடைக்கிறதே!

பாராபுல்லா நாலா என்ற சாக்கடைக் கால்வாயை ஒட்டி, தமிழர்கள் குடிசை போட்டிருந்த மதராசி கேம்ப்பை அந்தக் கோடையில்தான் இடித்திருந்தார்கள். சிலருக்கு மாற்று வீடாக ஊருக்கு வெளியே நரேலாவில் ஃபிளாட் என்றார்கள். சிலருக்குப் பட்டியலில் பெயரே இல்லை. அப்படிப் பெயர் விட்டுப்போன ஒரு குடும்பத்துப் பெண் விசாரணைக்கு வந்தாள். கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். மேல்முறையீடு போட்டுவிட்டு, வீட்டுவேலை பார்க்கும் இடங்களை விட முடியாமல் பக்கத்து ஜங்புராவிலேயே ஓர் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தார்கள். அவள் புருஷன் துப்புரவுத் தொழிலாளியாக இருந்தவர். இரண்டு சிறுநீரகமும் போய், வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்தாக வேண்டும். பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள்.

இஸ்திரி போட்ட சேலை, எண்ணெய் வைத்து வாரிய தலை. மடியில் ஒரு பிளாஸ்டிக் பை.

"எத்தன வீட்ல வேல பாக்கறீங்கம்மா?"

"அஞ்சு வூட்லக்கா. மாசம் பொறந்தா டாண்ணு கைக்கு காசு வந்துடும்."

"கடன் ஏதாவது?"

"சீச்சீ! ஒரு பைசா கெடையாது."

"மாசாமாசம் கட்டச் சொன்னா முடியுமா?"

"ஏன் முடியாது? தாராளமா கட்டுவோம்."

கேட்காமலே பையைப் பிரித்து, மாமனார் காலத்து ரேஷன் கார்டு, பழைய வாக்காளர் அட்டை எல்லாவற்றையும் மேஜைமேல் பரப்பினாள். "ரொம்ப காலமா இங்கதான்க்கா இருக்கோம். வேற ஊர் ஆளுங்க இல்ல" என்றாள். இதெல்லாம் எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. மானஸ்தி, யாரிடமும் கையேந்தமாட்டாள் என்று நினைத்து எனக்கு மரியாதைகூட வந்தது. நான் சொன்னதைக் கேட்டு டாக்டர் எழுதினார்: கட்டும் வசதி உண்டு, சலுகை தேவையில்லை.

மழைக்காலம் முடியும் சமயம், சூப்பரின்டென்டென்ட் என் அறைக் கதவை நெட்டித் தள்ளிக்கொண்டு வந்தார். கையில் அந்தப் பெண்ணின் மணிக்கட்டு.

"கேளுங்க மேடம் இவகிட்ட. வாரம் மூணு தடவ வர வேண்டிய மனுசன் ஒரு தடவதான் வாராரு. மொகம் வீங்கிப் போயிருக்கு, மூச்சு விட முடியல. காசு இல்லையாம்! அஞ்சு வீட்டு வேலையாம், அஞ்சு வீட்டு வேல!"

அழுதுகொண்டே அவள் உண்மையைச் சொன்னாள். இரண்டு வீட்டில்தான் வேலை. கழுத்து முட்டக் கடன். எங்கள் விசாரணையை அவள் வீட்டுக்கான விசாரணை என்று நினைத்துவிட்டாள். ஃபிளாட் கிடைக்கிறவர்கள் பங்குத்தொகை கட்ட வேண்டும், பராமரிப்புக்குக் கட்ட வேண்டும். யார் எங்கே கூப்பிட்டு விசாரித்தாலும் கட்ட முடியாது என்று மட்டும் சொல்லிவிடாதே, கடன் இருப்பதைக் காட்டாதே, பழைய கார்டை எடுத்துக் காட்டு என்று கேம்ப்பில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர் உட்கார்ந்து வருமானம் கேட்டதும் அவள் பாடத்தை ஒப்பித்துவிட்டாள்.

"ஆஸ்பத்திரி வேற, வீடு குடுக்கற ஆபீஸ் வேறம்மா" என்றேன். "மறுபடி விசாரணை வைக்கிறேன். உள்ளத உள்ளபடி சொல்லுங்க. முடிஞ்சுது."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ரெண்டு எடத்துலயும் ஆதார்தானே கேக்கறாங்க? நம்பர் ஒண்ணுதானேக்கா? இங்க கட்ட முடியலன்னு ஏறினா அங்க தெரியாதா?"

"தெரியாது."

"சத்தியமா?"

நான் வாயைத் திறந்தேன். சத்தியம் வரவில்லை. எந்தக் கணினி எதனோடு பேசுகிறது என்று எனக்கு மட்டும் என்ன தெரியும்? வாழ்நாள் முழுக்க அந்த மாதிரிக் கணினிகளோடு குடித்தனம் நடத்தியவளுக்கே அந்த உத்தரவாதம் கொடுக்கத் துணிவில்லை.

"கட்ட முடியாதுன்னு என் வாயால சொல்லமாட்டேங்க்கா. அவரும் வேணாங்கறாரு. புள்ளைங்களுக்கு ஒரு வூடு வேணும்."

எனக்குப் பொறுக்கவில்லை. "அவர் உசிரவிட வீடு பெருசா ஒனக்கு?" என்று கத்திவிட்டேன். மரியாதையெல்லாம் பறந்துவிட்டது.

அவள் கோபப்படவில்லை. தெரிந்துகொள்வதற்காகக் கேட்பவளைப்போலக் கேட்டாள். "ஒங்களுக்கு எத்தினி வூடுக்கா?"

மெல்போர்னில் ஒன்று, தில்லி துவாரகாவில் வாடகைக்கு விட்டிருப்பது ஒன்று. சூப்பரின்டென்டென்ட் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சில நாள் கழித்து அவள் புருஷன் தனியாக வந்தார். படி ஏறி வந்த மூச்சு அடங்கவே வெகுநேரம் பிடித்தது. நாற்காலியில் உட்கார்ந்து, விசாரணைக்கு இருந்த எங்கள் மூவரையும் பார்த்து, தயார் செய்துகொண்டு வந்ததைச் சொன்னார்.

"நான் தனி ஆளும்மா. பொண்டாட்டி, புள்ள யாரும் கெடையாது. பாலத்துக்குக் கீழ படுத்துக்கறேன். ஆதார் தொலஞ்சிடுச்சு. எழுதிக்குங்க."

யாரும் இல்லாத, இருப்பிடம் இல்லாத நோயாளிக்கு எந்தத் தாளும் கேட்காமல் முழுச்சலுகை கொடுக்கலாம் என்று ஒரு விதி வைத்திருந்தோம். அதற்குள் ஒரு குடும்பஸ்தர் குடும்பத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு இப்படி நுழைவார் என்று எழுதும்போது எங்களுக்குத் தோன்றவே இல்லை. டாக்டர் என்னைப் பார்த்தார். சமூகப் பணியாளர் பேனாவைத் திருகிக்கொண்டிருந்தார். மூன்று பேருக்கும் தெரியும். நான்தான் முதலில் கையெழுத்துப் போட்டேன். இன்றைக்குக் கேட்டாலும் போடுவேன். பழைய பதிவைத் தொடாமல் புதிதாக ஒன்று திறந்தோம்; உடன் இருப்பவர் என்ற இடத்தில் கணினி "யாருமில்லை" என்று காட்டியது.

வாரம் மூன்று முறை அவர் வர ஆரம்பித்தார். வீக்கம் வடிந்தது, பேச்சும் வந்தது. ஆனால் அவள் உள்ளே வருவதை நிறுத்திவிட்டாள். தனி ஆளுக்குப் பெண்டாட்டி எப்படி வர முடியும்? வாசலில் கேமரா இருக்கிறது, கார்டு கேட்பார்கள், யாராவது பேரைப் பதிந்துவிடுவார்கள் என்று பயம். எதிர்ப்பக்கம் டீக்கடை ஓரமாக நிற்பாள். டிபன் டப்பாவை ஆயாவிடம் கொடுத்தனுப்புவாள். அவர் முடித்து வெளியே வந்ததும் இரண்டு பேரும் முன்பின்னாகக் கொஞ்சதூரம் தெரியாதவர்கள்போல நடப்பார்கள். திருப்பம் தாண்டித்தான் அவள் அவர் கையைப் பிடிப்பாள். நர்ஸ் விடுதி மாடியிலிருந்து நான் அதைப் பார்த்திருக்கிறேன்.

அவர் மட்டும் அதிலும் கேலி பேசினார். ஒருநாள் மெஷினில் படுத்துக்கொண்டே, "ஆளு அம்பு இல்லாதவனுக்குச் சுடச்சுட இட்லி எங்கேருந்து வருதுன்னு ஒருத்தரும் கேக்க மாட்டேங்கறாங்களேம்மா" என்றார்.

"பாலத்துக்குக் கீழ ஓட்டல் வச்சிருக்கீங்களாக்கும்" என்றேன்.

சிரித்தார். பிறகு மெதுவாக, "வூடு வந்துட்டா எல்லாம் சரி பண்ணிக்கலாம்" என்றார்.

புகைமூட்டம் தில்லியை மூடியிருந்த ஒரு காலையில், டயாலிசிஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவர் இதயம் நின்றுவிட்டது. டாக்டர் நெஞ்சை அழுத்தினார், நர்ஸ்கள் ஓடினார்கள். முடியவில்லை.

யாருமில்லாத நோயாளி இறந்தால் போலீசுக்குச் சொல்ல வேண்டும். உடலைச் சவக்கிடங்கில் வைத்துக் கேட்டு வருகிறவர் உண்டா என்று பார்ப்பார்கள். வராவிட்டால் லாவாரிஸ் என்று எழுதி, அதாவது அனாதைப் பிணம் என்று எழுதி, அவர்களே எரித்துவிடுவார்கள். சூப்பரின்டென்டென்டும் நானும் வாசலுக்குப் போகும்போது கான்ஸ்டபிள் மோட்டார் சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தார்.

டீக்கடை ஓரம் அவள் நின்றிருந்தாள், கையில் டப்பா. எங்கள் இருவரையும் சேர்ந்து பார்த்ததுமே புரிந்துகொண்டாள். அப்படியே நடைபாதையில் உட்கார்ந்தாள். சூப்பரின்டென்டென்ட் பக்கத்தில் உட்கார்ந்து அவளைத் தோளோடு அணைத்துக்கொண்டு, "மக்களே, மக்களே" என்று மகளை அழைக்கும் ஊர்ப்பேச்சில் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு எதையாவது ஏற்பாடு செய்தால்தான் உயிர் தரிக்கும். அதனால் ஏற்பாட்டைச் சொன்னேன்.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்மா. ஆஸ்பத்திரி சார்பா நான் கையெழுத்துப் போட்டு வாங்கிடறேன். எல்லாச் சடங்கும் பண்ணலாம். பையன் கொள்ளி வைக்கட்டும், யாரு கேக்கப்போறா? வீட்டு விஷயத்துக்கு ஒண்ணும் ஆகாது."

அவள் டப்பாவைத் தரையில் வைத்தாள். "எரிக்கற எடத்துல சீட்டு குடுப்பாங்களேக்கா, அதுல யாரு பேரு வரும்?"

"என் பேரு வரும்."

"அவருக்கு நீங்க யாரு?"

வெறும் கேள்வி. அதில் குத்தல் இல்லை. அவள் எழுந்து சேலையை உதறிக்கொண்டு தெருவைக் கடந்தாள். காவலாளி கார்டு கேட்டான். காட்டினாள். கேமராவுக்குக் கீழேயே நடந்து உள்ளே போனாள், நாங்கள் பின்னாலேயே ஓடினோம்.

கான்ஸ்டபிள் மேஜையில் எழுதிக்கொண்டிருந்தார். அவள் ஆதார் அட்டையை அவர் தாளின்மேல் வைத்து, "மேரா ஆத்மி ஹை" என்றாள். என் புருஷன்.

அவர் கணினித் தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "யாருமில்லை என்று போட்டிருக்கிறதே?"

அவள் என் பக்கம் திரும்பினாள். "எழுதுங்கக்கா. எங்களால கட்ட முடியல. கட்ட முடியாமத்தான் இப்பிடி சொன்னோம்." சொல்லிவிட்டு அப்போதுதான் அழுதாள், அந்த வார்டே திரும்பிப் பார்க்கும்படி.

கான்ஸ்டபிளுக்குத் தமிழ் தெரியாது. என்ன சொல்கிறாள் என்று என்னைக் கேட்டார். "மனைவி என்கிறாள், அவ்வளவுதான்" என்று ஹிந்தியில் சொன்னேன். இன்னும் வீட்டைக் காப்பாற்றப் பார்த்தேன்.

அவள் விடவில்லை. மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துக்கொண்டு, நான் விட்டுவிட்ட மீதியை, கட்ட முடியாததையும் அதற்காகப் பொய் சொன்னதையும், அவளே அவருக்கு ஹிந்தியில் சொன்னாள், நிறுத்தி நிறுத்தி, அவர் எழுதிக்கொள்ள வசதியாக.