காற்று இறங்கிய லாரி

போன வாரம் மகளின் காரில் சுசீந்திரம் வரைக்கும் போகவேண்டியிருந்தது. அவள்தான் ஓட்டினாள். பக்கத்தில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டே டாஷ்போர்டைப் பார்த்தேன். பழைய தொழில்புத்தி, ஆளைப் பார்ப்பதற்கு முன்னால் வண்டியைப் பார்த்துவிடும். வேகம் காட்டும் முள்ளுக்குப் பக்கத்தில் ஒரு மெரூன் நிறப் பொட்டு ஒட்டியிருந்தது. நெற்றியில் வைக்கிற ஸ்டிக்கர் பொட்டு.

"இதென்ன மக்கா?"

"அந்த இன்ஜின் லைட் எரிஞ்சிட்டே கெடக்குப்பா. கண்ணுக்கு முன்ன மஞ்சளா நின்னு எரிச்சல் படுத்துகு. வண்டி நல்லாத்தான் ஓடுகு."

நான் கத்திய கத்தலில் அவள் பயந்துபோய் வண்டியை வயலோரமாக நிறுத்திவிட்டாள். நகத்தால் அந்தப் பொட்டைச் சுரண்டி எடுத்தேன். பின்னால் வந்த பஸ் ஹாரனை அடித்துக்கொண்டே சுற்றிப் போனது. இத்தனைக்கும் அன்று மாலை பார்த்தபோது பெட்ரோல் டேங்க் மூடி சரியாகத் திருகப்படாமல் இருந்ததுதான் கோளாறு. முப்பது வருஷம் வண்டி பிரித்தவன், மூடியைத் திருக மறந்ததற்கு நடுரோட்டில் ஆட்டம் போட்டேன். அவள் சிரிக்கவில்லை. "ஒரு லைட்டுக்கா இப்படி?" என்று மட்டும் கேட்டாள். அவளிடம் இன்னும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. புதுக்கடையிலிருந்து சற்றுத் தள்ளி, ஒரு நீண்ட இறக்கத்தின் அடியில் இருந்த முக்கில் லாரி ஒர்க்ஷாப். முதலாளி வில்சன் அண்ணன். எனக்குப் பத்து வயது மூத்தவர், பெரிய கைக்காரர். நான் பிரேக் வேலையும் பம்ப் வேலையும் பார்ப்பேன். டீசலும் கரிந்த கிளட்ச்சும் கலந்த நாற்றம் சோற்றில்கூட இருக்கும். மூன்று சோப்பு மாற்றிப் பார்த்தேன், போகவில்லை. பெண் பார்க்கப் போன வீட்டில் ஜன்னலைத் திறந்து வைத்தார்கள். அதை நான் மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

டீசல் வண்டி புகையால் பேசும். கறுப்பாகக் கக்கினால் டீசல் அதிகம் போகிறது, இல்லை ஏர் பில்டர் அடைத்துக்கொண்டு காற்றுப் போதவில்லை. நீலமாக வந்தால் இன்ஜின் ஆயிலைக் குடிக்கிறது, பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கும். வெள்ளைப் புகை வந்தால் டீசல் எரியாமலே வெளியே வருகிறது, இல்லை தண்ணீர் உள்ளே இறங்குகிறது. தண்ணீர்தான் என்றால் நாங்கள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்வோம். இன்ஜினையே பிரிக்கவேண்டியிருக்கும். அந்தச் செய்தியை யார் போய்ச் சொல்வது என்பதற்கே எங்களுக்குள் சண்டை வரும்.

சண்டை என்று சும்மா சொல்லவில்லை. அது அடி விழுகிற இடம். இரும்பே முதலில் அடிக்கும். ஒருமுறை லாரி டயருக்குக் காற்று ஏற்றிக்கொண்டிருந்தபோது, டயரைப் பிடித்திருக்கும் இரும்பு வளையம் தெறித்துப் பறந்தது. அரிவாள்போலக் கூரை ஓட்டைப் பிளந்துகொண்டு போய் அடுத்த தென்னந்தோப்பில் விழுந்தது. அரை அடி தள்ளி நின்றிருந்தால் இதை உங்களுக்குச் சொல்ல நான் இல்லை. கொதிக்கிற ரேடியேட்டரின் மூடியைத் திறந்த ஒரு டிரைவருக்கு நெஞ்சுத்தோல் உரிந்து பனியனோடு வந்தது. அடுத்து ஆட்கள் அடிப்பார்கள். கியர் பாக்ஸ் உடைந்தது டிரைவரின் தப்பா, மெக்கானிக்கின் தப்பா என்ற கேள்விக்கு எங்கள் ஒர்க்ஷாப்பில் பெரும்பாலும் கையால்தான் பதில். வில்சன் அண்ணன் ஒரு கிளீனரின் தலையைக் கதவில் மோதியதை நான் பல்லைக் குத்திக்கொண்டு பார்த்திருக்கிறேன். எனக்கும் அதெல்லாம் பெரிதாகத் தோன்றவில்லை.

தங்கையன் அண்ணன் மட்டும் சத்தம் போடாத டிரைவர். குளச்சல் பக்கத்தில் வீடு. கடல் அரிக்காமலிருக்கக் கரையில் போடுகிற பாறைகளை டிப்பர் லாரியில் ஏற்றிக்கொண்டு வருவார். வண்டியில் சின்னச் சத்தம் மாறினாலும் அவர் காதுக்குத் தெரியும். "இடது பக்கம் பின்னால, வளையும்போ மட்டும் கிணுகிணுண்ணு ஒரு சத்தம் கேட்டியா?" என்பார். போய்ப் பார்த்தால் அங்கே ஒரு பேரிங் போயிருக்கும். எனக்குச் சில சமயம் எரிச்சலாக இருக்கும், மெக்கானிக் நானா அவரா என்று.

ஒருநாள் மதியம் வந்து வண்டியை நிறுத்தினார். உள்ளே பஸ்ஸர் கத்திக்கொண்டிருந்தது.

"காத்து எறங்குகு மக்கா. என்னண்ணு பாரு" என்று சொல்லிவிட்டு எதிர்க்கடைக்குச் சாயா குடிக்கப் போனார்.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். லாரியில் காற்றுதான் பிரேக். இன்ஜின் ஓடும்போது ஒரு டேங்கில் காற்றை அடைத்து வைக்கும். மிதித்தால் அந்தக் காற்று குழாய் வழியாகப் போய்ச் சக்கரத்தைப் பிடிக்கும். டேங்கில் காற்றுக் குறைந்தால் பஸ்ஸர் கத்தும். காற்று எவ்வளவு இருக்கிறது என்று காட்ட ஒரு முள்ளும் உண்டு. அந்த வண்டியில் முள் செத்துப் பல மாதம் ஆகியிருந்தது. ஆக, டிரைவருக்கு இருந்த ஒரே துணை அந்தச் சத்தம்தான்.

சோப்புத் தண்ணீரைத் தடவினேன். பின் சக்கரத்துக்குக் காற்றைக் கொண்டுபோகிற ரப்பர் குழாய், எங்கள் பாஷையில் ஓஸ், வண்டியின் அடிச்சட்டத்தில் உரசி உரசித் தேய்ந்திருந்த இடத்தில் குமிழி கொப்பளித்தது. அந்த அளவு ஓஸ் எங்களிடம் இல்லை. நாகர்கோவிலிலிருந்து வரவேண்டும், மறுநாளாகும். லாரி முதலாளிக்கு வில்சன் அண்ணன் போன் செய்தார். பேசிவிட்டு என்னிடம் வந்தார்.

"வண்டிய நிறுத்தாண்டாம்ணு சொல்லுதாரு. அந்த பஸ்ஸருக்க கரைச்சல மட்டும் நிறுத்து."

நான் ஓஸில் ரப்பர் சுற்றிக் கம்பியால் இறுக்கினேன். கசிவு குறைந்தது, நிற்கவில்லை. பஸ்ஸரும் நிற்கவில்லை. கட்டிங் பிளேயரை எடுத்து பஸ்ஸரின் வயரை வெட்டினேன். ஒரு நொடி வேலை.

தங்கையன் அண்ணன் திரும்பி வந்தார். சத்தம் இல்லாததைக் காது கொடுத்துக் கேட்டார். முகம் தெளிந்தது.

"செரியாக்கிட்டியா? ஓட்டலாமா?"

"ஓஸ் நாளைக்கு வரும் அண்ணா. அதுவரைக்கும் மெதுவா ஓட்டினா ஒண்ணும் இல்ல."

"நீ சொன்னா செரி" என்று ஏறிப் போய்விட்டார். வயரை வெட்டியதை நான் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று நினைக்கவுமில்லை. சொல்லவேண்டிய விஷயமாகவே அது எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் காலை பத்து மணி இருக்கும். இறக்கத்தின் மேலிருந்து விடாமல் ஒரு ஹாரன் கேட்டது. நாங்கள் நிமிர்ந்து பார்ப்பதற்குள் பாறை லோடோடு டிப்பர் பாய்ந்து வந்தது. எதிரே, ஆட்களை இறக்கிக்கொண்டு ஒரு பஸ் நின்றது. அதில் மோதாமல் அவர் இடது பக்கம் ஒடித்தார். இடது பக்கம், புஷ்பம் அக்கா மரச்சீனிக் கிழங்கு அவித்து விற்கிற கடை. நான்கு கம்பும் ஓலையும். லாரி அதன்மேல் ஏறி, ஒரு புளியமரத்தில் மோதி நின்றது. ஒரு பாறை உருண்டு ரோட்டைத் தாண்டிப் போனது. பிறகு சட்டென்று ஓர் அமைதி. அதன் நடுவில் அக்காவின் அலறல்.

அவளுடைய வலது கால் முழங்காலுக்குக் கீழே சக்கரத்துக்கு அடியில் இருந்தது. ஜாக்கி வைத்துத் தூக்கினோம். தினமும் காலையில் எனக்கு வெந்த மரச்சீனியும் மீன்கறியும் இலையில் வைத்துத் தருகிறவள். அவளுடைய அந்தக் காலைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது நான் மனிதனாக இல்லை.

அதற்குள் கூட்டம் தங்கையன் அண்ணனைத் தலைமுடியைப் பிடித்துக் கேபினிலிருந்து இழுத்துப் போட்டிருந்தது. "குடிச்சிட்டு ஓட்டுதியாலே" என்று ஒருவன் வயிற்றில் மிதித்தான். தென்னை மட்டையால் முதுகில் அடித்தார்கள். சட்டை கிழிந்து தொங்கியது. வாயில் ரத்தம். "பிரேக் பிடிக்கல்ல, பிரேக் பிடிக்கல்ல" என்று எல்லாத் திசையிலும் கும்பிட்டுக்கொண்டிருந்தார். யார் நம்புவார்கள்? எந்த டிரைவரும் அதைத்தான் சொல்வான்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு நான் போனேன். என்னைக் கண்டதும் அவர் முகம் மாறியது. காப்பாற்ற ஆள் வந்துவிட்டது என்று நினைத்துவிட்டார். எழுந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, வழக்கமாக வந்து கோளாறு சொல்வதைப் போலவே சொன்னார்.

"காத்து எறங்கிட்டு மக்கா. சுத்தமா இல்ல."

நான் அடித்தேன். கையில் ஜாக்கிக் கம்பி இருந்தது எனக்கு நினைவிருக்கிறது. அதைக் கீழே போட்டிருக்கலாம் என்பதும் நினைவிருக்கிறது. இடது காதோடு சேர்த்து விழுந்தது. அவர் சத்தமே இல்லாமல் மடங்கி விழுந்தார். ஆத்திரத்தில் அடித்ததாக ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆத்திரம் இல்லை. அந்த வாய் இன்னும் ஒரு வார்த்தை பேசினால் அடுத்தது என் பெயர் வரும் என்ற பயம்.

போலீஸ் வந்து அவரை எடுத்துக்கொண்டு போனது. அக்காவின் காலை அன்றே எடுத்துவிட்டார்கள்.

மத்தியானம் வண்டியை ரோட்டிலிருந்து நகர்த்த மெக்கானிக் வேண்டும் என்று ஏட்டு ஆள் அனுப்பினார். வில்சன் அண்ணன் என் பாக்கெட்டில் ஒரு டேப் சுருளைத் திணித்தார்.

"அந்த வயர ஒட்டிட்டு வா. நாளைக்கு வண்டியப் பாக்க ஆபீசர் வருவாரு. அவன் குடிச்சான்ணு ஊரே சொல்லுகு. நீ வாயத் தொறக்காண்டாம்."

கேபினில் ஏறினேன். மிதிக்குப் பக்கத்தில் அவருடைய ஒற்றைச் செருப்பு. ஹேண்ட் பிரேக் கம்பி அறுந்து வரும்வரை இழுக்கப்பட்டிருந்தது. கியரை இறக்கி இன்ஜினால் வண்டியைப் பிடிக்கவும் முயன்றிருக்கிறார், இரண்டாவது கியரில் நின்றிருந்தது. ஒரு டிரைவர் செய்யவேண்டிய எல்லாவற்றையும் அந்த மனிதர் அந்த இறக்கத்தில் செய்திருந்தார். டாஷ்போர்டுக்குக் கீழே நான் வெட்டிய வயரின் இரண்டு நுனியும் புதுச் செம்பாகப் பளபளத்தன. டேப்பைப் பிரித்தேன். கொஞ்சநேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒட்டாமலே இறங்கிவிட்டேன்.

மறுநாள் வந்த ஆபீசர் ஒல்லியான மனிதர். சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு வண்டிக்கு அடியில் போனார். ஓஸ் நான் கட்டிய இடத்திலேயே வெடித்திருந்தது. கேபினில் ஏறி வயரைக் கண்டார்.

"இத வெட்டினது யாரு?"

"நான்தான் சார்."

பக்கத்தில் நின்ற ஏட்டு என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

ஒர்க்ஷாப்புக்குத் திரும்பியதும் வில்சன் அண்ணன் ஷட்டரை இறக்கினார். சுவரில் தொங்கிய பழைய இன்ஜின் ஃபேன் பெல்ட்டை எடுத்தார். அந்த ரப்பர் முதுகில் விழும்போது முதலில் சூடாக இருக்கும், பிறகு தோல் வெடிப்பது தெரியும். "எனக்க சோத்தத் தின்னுட்டு எனக்கே குழி வெட்டுதியாலே" என்று சொல்லிச் சொல்லி அடித்தார். நான் தடுக்கவில்லை. அடி வாங்கிவிட்டால் எல்லாம் தீர்ந்துபோகும் என்று பெரிய தியாகிபோல நின்றேன். இப்போது நினைத்தால் அதுதான் அதிக வெட்கமாக இருக்கிறது.

வழக்கு என்மேலும் லாரி முதலாளிமேலும் திரும்பியது. பல வருஷம் இழுத்து, கடைசியில் நான் ஐந்து மாதம் உள்ளே இருந்தேன். அங்கேயும் ஒரு வார்டரின் ஸ்கூட்டருக்குக் கார்புரேட்டர் கழுவிக் கொடுத்தேன். தொழில் விடாது.

அதற்கெல்லாம் முன்பே, விபத்து நடந்த மூன்றாவது வாரம், தங்கையன் அண்ணனின் வீட்டுக்குப் போனேன். வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்த அவர் மனைவி என்னை அடையாளம் கண்டதும் சட்டியோடு அந்தத் தண்ணீரை முகத்தில் வீசினாள். சட்டி நெற்றியில் பட்டு உடைந்தது. "கொன்னு போட்டுட்டுப் பாக்க வந்தியா?" என்று கத்தினாள்.

"ஏட்டி, விடு. உள்ள வரட்டும்" என்று அவர் குரல் கேட்டது.

கட்டிலில் சாய்ந்திருந்தார். வலது காதை என் பக்கம் திருப்பிக்கொண்டார். இடது காதில் இனி கேட்காது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்களாம்.

"நான்தான் அண்ணா அடிச்சேன்."

"தெரியும். அத விடு. கூட்டத்துல எவனும் அடிப்பான்." கட்டிலில் கையூன்றி நிமிர்ந்தார். "எனக்கு ஒண்ணுதான் வெளங்கல்ல. அந்த பஸ்ஸர் கத்தல்ல மக்கா. கத்தியிருந்தா நான் மேலயே நிறுத்தியிருப்பேன். ஏன் கத்தல்ல?"

வழக்கு விவரம் யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. நான் சொன்னேன். அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெட்டினத எனக்கிட்ட ஒரு வார்த்த சொல்லாண்டாமா?" என்றார். பிறகு மனைவியைக் கூப்பிட்டு, "இவன வெளிய விடு. இனி இஞ்ச வராண்டாம்ணு சொல்லு" என்றார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவர் அதற்குப்பின் லாரி ஓட்டவில்லை. குளச்சல் மீன் ஏலம் நடக்கிற இடத்தில் ஐஸ் பெட்டி சுமந்தார். ஏலக்காரரின் குரல் வருகிற பக்கம் தலையைச் சாய்த்து நிற்பதை இரண்டு தடவை தூரத்திலிருந்து பார்த்தேன். கிட்டே போகவில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் இறந்துபோனார். எனக்குத் தெரிந்தது ஒரு மாதம் கழித்து.

வில்சன் அண்ணன் எல்லாவற்றையும் விற்றுவிட்டு மகனோடு துபாய்க்குப் போனார். புஷ்பம் அக்கா கட்டைக் காலோடு கொஞ்ச நாள் அதே இடத்தில் மரச்சீனி விற்றாள். கடைசிவரை எனக்கு இலை போட்டாள். ஆனால் என்னிடம் பேசவில்லை. பிறகு அவளும் இல்லை. புளியமரத்தை ரோட்டை அகலப்படுத்தியபோது வெட்டினார்கள். அப்புறம் அந்த மேட்டையே ஜேசிபி வைத்துச் செதுக்கிச் சமமாக்கிவிட்டார்கள். போன மாதம் அந்த வழியாகப் போனபோது, இறக்கம் எங்கே ஆரம்பித்தது என்று கண்டுபிடிக்க முயன்றேன். முடியவில்லை. பாறை ஏற்றிய டிப்பர்கள் வரிசையாக, வேகத்தைக் குறைக்காமல், அந்த இடத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன.