முக்கோணத்தைக் காணோம்

பக்கவாதம் வந்த என் கணவரிடம் குன்னூர் டாக்டர் ஓர் அட்டையைக் காட்டினார். சின்னச் சின்ன வட்டங்களை அடுக்கி ஒரு பெரிய முக்கோணம் போட்டிருந்தது. அட்டையை மறைத்துவிட்டு வரையச் சொன்னதும், இவர் தாளெங்கும் வட்டங்களாக இறைத்தார். முக்கோணத்தைக் காணோம்.

"முழு உருவத்தைப் பிடிக்கிறது பெரும்பாலும் மூளையோட வலது பாதிம்மா. சின்ன விவரத்தை இடது பாதி பாத்துக்கும். இவருக்கு வலதுலதான் அடைப்பு," என்றார் டாக்டர்.

எனக்கு ஆவல் தாங்கவில்லை. கட்டபெட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில், எதிரே தெரிந்த தேயிலை மலையைக் காட்டினேன்.

"ஏனுங்க, அங்க என்ன தெரியுது?"

"நாலாவது வரிசையில ஒரு செடி பட்டுப்போச்சு."

"மலை தெரியலீங்களா?"

"ஏது மலை?"

முப்பது வருடம் எஸ்டேட் மேஸ்திரியாக இருந்தவர். பக்கவாதத்துக்கு முன்பு கேட்டிருந்தால் மட்டும் மலை என்றா சொல்லியிருப்பார்?